நீள விசில்

திருவண்ணாமலை,
2.6.2025

தம்பி திருமலைக்கு,

பிரசாத் எழுதுவது. நலம் விசாரித்து நாலு வரி எழுத எனக்குப் பொறுமை கிடையாது. எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன். நீ ஜெயிலில் எப்படி இருப்பாய் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மனு போட்டு, வரிசையில் நின்று, வலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உன் முகத்தைப் பார்த்துக் கத்துவதற்கு எனக்கு நேரமும் இல்லை. உனக்குக் கிடைக்கும் போன் நேரத்தைச் சின்னம்மாவுக்கே வைத்துக்கொள். நமக்குக் கடிதம் போதும்.

நம்ம ரக்பி டீம் நாசமாகக் கிடக்கிறது. நீ உள்ளே போன பிறகு ஆடிய இரண்டு மேட்ச்சிலும் தோல்வி. கடைசி மேட்ச்சில் எதிர் டீம் பையன் நடந்தே போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தை ஊன்றி ட்ரை வைத்தான். நம்ம பசங்க அவனுக்கு வழிவிட்டு நின்றார்கள், கல்யாண ஊர்வலம் போவது மாதிரி. மாநிலப் போட்டி ஆகஸ்டில். அதற்குள் இதுகளை மனுஷனாக்க வேண்டும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். சுப்பன் இடது பக்கமிருந்து வரும் பாஸை விடுகிறான். வலது பக்கம் வந்தால் பிசின் மாதிரி ஒட்டுகிறது. கையில் கோளாறு என்றால் இரண்டு பக்கமும் விட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்றால் சிக்னலிலேயே பிரச்சனை. நீ கேப்டனாக இருந்தபோது இது நடக்கவில்லை. என்ன செய்தாய்? விவரமாக எழுது.

அந்த ஆள் சடையன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான். கழுத்துக்குக் கீழே அசைவு இல்லையாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. எடை குறைந்தால் திரும்ப ஏற்ற ஆறு மாதம் ஆகும்.

பிரசாத்


சிறை,
11.6.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

திருமலை வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. பெரியம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாடு பழகிவிட்டது. இங்கே காலையில் ஆள் எண்ண விசில் ஊதுகிறார்கள். முதல் நாள் விசில் கேட்டதும் என் தோள் தானாக இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் பயந்து, "டேய், என்னடா பண்ணப் போற?" என்று நகர்ந்தார். இப்போது எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அண்ணா, வக்கீல் வேதா அம்மா வந்திருந்தார்கள். நீங்கள் போலீசில் கொடுத்த வாக்குமூலத்தில் விசில் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்றார்கள். அந்த நேரத்தில் நீங்கள் ஸ்டோர் ரூமில் இருந்ததாக எழுதியிருக்கிறதாம். அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். அன்றைக்கு நடந்தது உங்களுக்கே தெரியும். சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள், கிரவுண்டில் இன்னும் கிரிவல பஸ் நின்றது. நாம் ஓரமாகப் பிராக்டிஸ் பண்ணினோம். பார்க்கிங் வசூல் பண்ணும் சடையன் பஸ் எடுக்க இடைஞ்சல் என்று பந்தைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார். நீங்கள் நீள விசில் ஊதினீர்கள். நீள விசில் கேட்டால் பந்து வைத்திருப்பவன் யாராக இருந்தாலும் அவனைக் கீழே வீழ்த்த வேண்டும், யோசிக்கக் கூடாது என்று ஒரு வருஷமாகப் பழக்கினீர்கள். நான்தான் பக்கத்தில் இருந்தேன், ஓடிப்போய் டேக்கிள் போட்டு அவரை வீழ்த்தினேன். தடுப்புக்கு வைத்த சிமெண்ட் கட்டை பின்னால் இருந்ததை நான் பார்க்கவில்லை.

வேண்டுமென்று செய்யவில்லை, விசிலுக்குச் செய்தேன் என்று நீங்கள் சொன்னால் கொலை முயற்சி என்ற பிரிவு நிற்காது, ஜாமீன் கிடைக்கும் என்கிறார்கள். குற்றப்பத்திரிகை போடுவதற்குள் சொல்ல வேண்டுமாம்.

சுப்பன் விஷயம்: அவனுக்கு இடது கண்ணில் பார்வை கம்மி. சின்ன வயதில் பட்டாசு பட்டது. யாருக்கும் தெரியாது. நான் பாஸ் போடும் முன்னால் அவன் பேரைக் கூப்பிடுவேன், அந்தச் சத்தத்தை வைத்துக் கை நீட்டுவான். பேர் சொல்லிப் போடச் சொல்லுங்கள், போதும்.

பெரியம்மாவை நேரத்துக்கு மாத்திரை போடச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
திருமலை


திருவண்ணாமலை,
17.6.2025

திருமலை,

கடிதம் வந்தது. அம்மாவுக்கு மூட்டு அப்படியேதான்.

சுப்பன் பற்றி நீ எழுதியது உபயோகமான தகவல். மறுநாளே சோதித்துப் பார்த்தேன். எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, அவன் வலது கண்ணைப் பொத்தி, "எத்தன வெரல் காட்டறேன் சொல்லுடா" என்றேன். "மூணு சார்" என்றான். நான் கையையே தூக்கவில்லை. பசங்க விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனை டீமை விட்டு எடுத்துவிட்டேன். பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பந்து போட இது என்ன பால்வாடியா? ஒரு வருஷம் ஒரு குருடனைச் சுமந்திருக்கிறாய். இதைத் தலைமை என்று நினைத்துக்கொண்டிருந்தால் தப்பு. கெட்டுப்போன பாகத்தைச் சுற்றி வேலை செய்வது மெக்கானிக் பண்ணுகிற வேலை. எஞ்சினியர் பாகத்தை மாற்றுவான்.

அவன் இடத்துக்கு ஆள் வேண்டும். விமல்ராஜை உள்ளே கொண்டுவரலாமா? நல்ல வேகம். ஆனால் டேக்கிளில் எப்போதும் வலது தோளையே கொடுக்கிறான். ஏன்?

தூக்கம் முக்கியம். தசை தூங்கும்போதுதான் வளரும்.

பிரசாத்


சிறை,
29.6.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் நலம். சின்னதாகச் சளி, வேறொன்றும் இல்லை. நீங்களும் பெரியம்மாவும் சுகம்தானே?

சுப்பனை எடுத்துவிட்டீர்கள் என்று படித்தேன். அவனுக்காக எழுதினேன், அவனை விலக்க எழுதவில்லை. திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. மேட்ச்சில் வெளியே உட்கார வைத்தாலும் பரவாயில்லை, ஜெர்சியையாவது கொடுங்கள்.

விசில் விஷயம் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. கடிதம் போடும் அவசரத்தில் மறந்திருப்பீர்கள். இங்கே கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்பதால் எழுதாமல் இருந்தால் வேண்டாம், நேராகப் போய் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதைப் பற்றி எனக்கு எழுதக்கூடத் தேவையில்லை. அம்மா ஒவ்வொரு தடவையும், "பிரசாத் போயி சொன்னானாடா?" என்று கேட்கிறாள். போவாரு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

விமல்ராஜைப் பற்றிக் கேட்டீர்கள். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் விட்டால் அவனுக்குத்தான் ஆபத்து. அவனுடைய இடது தோள் கழன்றுகொள்ளும். தண்ணித் தொட்டிக்குப் பின்னால் போய், சுவரில் மோதி அவனே உள்ளே தள்ளிக்கொள்வான். கான்ஸ்டபிள் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணிவிட்டு உடல் தகுதிக்குக் காத்திருக்கிறான். தோள் விஷயம் வெளியே வந்தால் வேலை போய்விடும். அதனால் இடது பக்கம் டேக்கிள் மட்டும் கொடுக்காதீர்கள். காரணம் யாருக்கும் தெரிய வேண்டாம். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

வெயில் ஜாஸ்தி என்கிறார்கள். தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி,
திருமலை


திருவண்ணாமலை,
12.7.2025

திருமலை,

சளி என்று எழுதியிருந்தாய். உப்புத் தண்ணீரில் கொப்பளி.

விமல்ராஜைக் கேப்டனாக்கிவிட்டேன். தனியாகக் கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் பேசினேன். நல்ல பையன். சொன்னால் புரிந்துகொள்கிறான். இப்போது சொன்னதைச் செய்கிறான்.

பௌர்ணமிக்கு மறுபடியும் கிரவுண்டை பஸ் ஸ்டாண்டாக்கினார்கள். மறுநாள் பூராவும் பசங்க கண்ணாடித் துண்டும் எலுமிச்சை மூடியும் பொறுக்கினார்கள். முக்கால் கிரவுண்டு சகதி. அதிலேயே தோளோடு தோள் முட்டித் தள்ளி ஸ்க்ரம் போட வைத்தேன். வழுக்கினால்தான் காலை ஊன்றக் கற்றுக்கொள்வான்.

சடையன் செத்துவிட்டான். செவ்வாய்க்கிழமை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரசாத்


சிறை,
21.7.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். சளி விட்டுவிட்டது. பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சடையன் இறந்த செய்தி உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. வார்டர் வந்து, "உங்க கேஸ் மாறிடுச்சுப்பா" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. இனி அது கொலை வழக்கு என்று அப்புறம்தான் புரிந்தது. அந்த மனுஷனை எனக்கு முன்னே பின்னே தெரியாது அண்ணா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒரு தடவை நம்ம பந்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, முட்டய உருட்டிட்டுத் திரியறீங்க" என்று சிரித்தார். விழுந்தபோதும் பந்தை விடவில்லை. அதை நான்தான் அவர் கையிலிருந்து எடுத்தேன்.

அவருடைய சம்சாரம் ஆராயி அதே கிரவுண்டு ஓரத்தில் டீக்கேன் வைத்து விற்பவர். அம்மாவை ஒரு தடவை துக்கம் கேட்கப் போகச் சொன்னேன். நீங்கள் தடுத்துவிட்டீர்களாம், போனால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று. தப்பு நடந்ததுதானே அண்ணா?

வேதா அம்மா சொன்னது இதுதான். ஆகஸ்ட் பத்துத் தேதிக்குள் குற்றப்பத்திரிகை போட்டுவிடுவார்கள். நீங்கள் ஒருவர் சொன்னாலே போதும். உங்களுக்குச் சங்கடம் என்றால் விமல்ராஜும் சுப்பனும் மற்ற பசங்களும் சொல்லட்டும். எல்லோரும் விசில் கேட்டவர்கள். நீங்கள் தடுக்காமல் இருந்தால் சொல்லிவிடுவார்கள். உங்கள் கோச் வேலை நிரந்தரமாகும் பைல் கலெக்டர் ஆபீசில் இருக்கிறது என்று தெரியும். விசில் ஊதியதற்காக உங்களை யாரும் தூக்கில் போட மாட்டார்கள் அண்ணா. நீங்கள் ஊதவில்லை என்று ஆகிவிட்டால் எனக்கு ஆயுள் தண்டனை.

பதில் போடுங்கள். ஒரு வரி போதும்.

திருமலை


திருவண்ணாமலை,
26.8.2025

திருமலை,

மாநிலப் போட்டி வேலையில் எழுத முடியவில்லை. நான் நலம். நீயும் அப்படியே இருப்பாய்.

காலிறுதி வரை போனோம். இந்த மாவட்டம் இதுவரை முதல் சுற்றைத் தாண்டியதே இல்லை. டேக்கிள் எல்லாம் அரை நொடியில் விழுந்தது. சென்னை டீம் கோச் என்னிடம் வந்து, "எப்படி சார் இப்படி டிரெய்ன் பண்றீங்க?" என்று கேட்டார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். காலிறுதியில் இரண்டாவது பாதியில் தோற்றோம். விமல்ராஜுக்கு இடது பக்கம் டேக்கிள் வந்தது, தோள் வெளியே வந்துவிட்டது. மைதானத்திலேயே படுக்கவைத்து நான் உள்ளே தள்ளினேன். கத்தக்கூட இல்லை. வாயில் ஜெர்சியைக் கடித்துக்கொண்டான்.

குற்றப்பத்திரிகை போட்டுவிட்டார்கள் என்று வேதா சொல்லியிருப்பாள். பசங்க எல்லோரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். விசில் சத்தம் கேட்டதாக ஒருவனும் சொல்லவில்லை. நான் யாரிடமும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. சொல்லாதே என்றும் சொல்லவில்லை. அவரவர் கேட்டதை அவரவர் சொல்கிறார்கள்.

தொழில்நுட்பமாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ போட்ட டேக்கிளே தப்பு. இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தரையை விட்டுத் தூக்கியிருக்கிறாய். அப்படித் தூக்க நான் கற்றுக்கொடுக்கவில்லை. இடுப்பில் மோதியிருந்தால் ஆள் உட்கார்ந்திருப்பான், எழுந்து திட்டிவிட்டுப் போயிருப்பான். உன் தவறுக்கு நீ பொறுப்பு எடுத்துக்கொள்வதுதான் கேப்டனுக்கு அழகு.

அடுத்த வருஷத்துக்கு இப்போதே ஆள் பார்க்கிறேன். உங்கள் ஊர் அடி அண்ணாமலைப் பக்கத்துப் பையன்களில் யாருக்கு என்ன குறை, யாரை நம்பலாம் என்று எழுது. உனக்கும் பொழுது போகும்.

பிரசாத்


சிறை,
14.9.2025

அண்ணாவுக்கு,

நலம். பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

அம்மா போன வாரம் சுப்பன் வீட்டுக்குப் போனாள். என் பிள்ளைக்காக ஒரு வார்த்தை சொல்லுப்பா என்று கேட்கத்தான். அவன் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினானாம். அம்மா என்னிடம் அழுதுகொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உம் புள்ள எழுதுன லெட்டர சாரு கிரவுண்டுல நின்னு சத்தமா படிச்சாரும்மா. என் கண்ண பத்தி எழுதியிருந்தான். எவனெவன் குறைய எழுதி அனுப்பறானோன்னு இப்ப எல்லாப் பசங்களும் அவம்மேல காறித் துப்பறானுங்க. உள்ள இருந்துக்கினே எங்கள வேவு பார்க்கறவனுக்கு நாங்க எதுக்கு சாட்சி சொல்லணும்?"

விமல்ராஜைப் பற்றிய கடிதத்தை நீங்கள் சத்தமாகப் படிக்கவில்லை போல. அதைத் தனியாக அவனிடம் காட்டியிருப்பீர்கள்.

மூன்று மாதமாக உங்கள் பதிலில் விசில் இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகத் தேடினேன். நீங்கள் என் கடிதத்தில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். எனக்கு யார் யார் இருந்தார்களோ, அவர்கள் ஒவ்வொருவரையும் வெட்டிவிட நானே உங்களுக்கு இடம் காட்டியிருக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பையன்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு யாரையும் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருமலை


திருவண்ணாமலை,
3.10.2025

அன்புள்ள தம்பி திருமலைக்கு,

அண்ணன் பிரசாத் ஆசியுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் பெரியம்மாவும் நலமாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? சளி திரும்ப வந்ததா? குளிருக்குப் போர்வை கொடுக்கிறார்களா? உன் நினைவாகவே இருக்கிறது. அம்மா நேற்றுக்கூட உனக்குப் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே காராமணி சுண்டல் செய்தாள்.

போன கடிதத்தில் மனசு கஷ்டப்பட்டு எழுதியிருந்தாய். நான் பேசத் தெரியாதவன் என்று உனக்குத் தெரியும். மெஷினோடு படித்தவன். டீமுக்கு நல்லது என்று நினைத்துச் சில விஷயங்களைச் செய்தேன்.

ஒரு சின்னச் சிக்கல். அந்த ஆராயி எஸ்.பி. ஆபீசில் மனு கொடுத்திருக்கிறாள். விசில் ஊதியவனை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டிருக்கிறாள். மறுபடியும் விசாரிக்கப் போகிறார்களாம். புருஷனை இழந்தவள், யாரையாவது பிடித்து இழுக்கத்தான் செய்வாள், நாம் கோபப்படக் கூடாது. ஆனால் என் பைல் மேஜைக்கு வந்திருக்கும் நேரம். இப்போது என் பெயர் அடிபட்டால் நம் குடும்பத்தில் ஒருவனும் மிஞ்ச மாட்டான். நான் வெளியே இருந்தால்தான் உனக்காக ஓட முடியும். நல்ல சீனியர் வக்கீலாக ஏற்பாடு பண்ணுகிறேன்.

உன்னைக் கேட்டால், விசில் சத்தம் எதுவும் கேட்டதாக ஞாபகம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடு. உனக்கு இதனால் புதிதாக நஷ்டம் ஒன்றும் இல்லை.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
பாசமுள்ள அண்ணன்,
பிரசாத்


திருவண்ணாமலை,
15.10.2025

அன்புத் தம்பிக்கு,

நலமா? பதில் இல்லை. கடிதம் கிடைத்ததா இல்லையா? மனு போட்டு இரண்டு தடவை வந்தேன். வரிசையில் மூன்று மணி நேரம் நின்றேன். நீ பார்க்க விருப்பமில்லை என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள். நான் உன் அண்ணன்டா. உன் கையில் முதலில் பந்து கொடுத்தவன் நான். விமல்ராஜ் போன் எடுக்க மாட்டேன் என்கிறான். பிராக்டிஸுக்கு நாலு பேர்தான் வருகிறார்கள். உன்னை யாராவது ஏதாவது சொல்லிக் கலைத்துவிட்டார்களா? ஆராயி உன்னை வந்து பார்த்தாளா? ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி.

உன் உடம்பை நினைத்துத்தான் கவலை.

பிரசாத்


சிறை,
27.10.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி திருமலை எழுதுவது. இரண்டு கடிதமும் கிடைத்தன. நான் சுகமாக இருக்கிறேன். போர்வை கொடுத்திருக்கிறார்கள். சுண்டல் செய்ததற்குப் பெரியம்மாவிடம் சந்தோஷம் என்று சொல்லுங்கள்.

ஆராயி அக்கா என்னை வந்து பார்த்தார்கள். கூடவே சுப்பன். வலைக்கு அந்தப் பக்கம் நின்று அக்கா கேட்டார்கள்.

"நீதானா? இவ்ளோ சின்னப் பையனா?"

நான் கும்பிட்டேன்.

"விசிலு சத்தம் கேட்டுதான் நான் டம்ளரக் கீழ வெச்சிட்டுத் திரும்பனேன். அப்பறமாத்தான் நீ ஓடன. என் கண்ணால பார்த்தேன். எவன் எவனோ விசிலே இல்லன்றான். ஒண்ணு கேக்கறேன், நெசத்த சொல்லு. அந்தாளு விசிலு ஊதலன்னா நீ ஓடியிருப்பியா?"

வேதா அம்மா சொல்லிக்கொடுத்த பதில் நாக்கில் இருந்தது. நீங்கள் சொல்லச் சொன்ன பதிலும் ஞாபகம் இருந்தது.

"தெரியலக்கா" என்றேன். "ஓடாமக்கூட இருந்திருக்கலாம். நெசமா தெரியல."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "ஓடியிருக்கவே மாட்டேன்னு சொல்லியிருந்தீன்னா, இவனும் பொய்யிதான் பேசறான்னு திரும்பிப் போயிருப்பேன்" என்றார்கள்.

சுப்பன் என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் வேண்டாம். "உனுக்காக வரல, தெரிஞ்சிக்கோ. என் கண்ண ஊருக்கே வித்தவன் நீ" என்று திட்டினான். திட்டி முடித்துவிட்டு, "கண்ணுதான்டா அவுட்டு. காது நல்லாத்தான் கேக்குது. டீம்ல இருக்கறவனுங்கதான் அந்தாளுக்குப் பயப்படணும், என்னயத்தான் தூக்கிட்டாரே" என்றான். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். அதைப் பார்த்துவிட்டு விமல்ராஜும் நேற்றுப் போயிருக்கிறான். தோள் விஷயத்தை அவனே இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் விசில் விஷயத்தைச் சொன்னானாம். அவனுக்கு இனி அந்த வேலை கிடைக்காது.

என்னிடமும் வந்து கேட்டார்கள். விசில் ஊதியது நீங்கள் என்று சொன்னேன். ஸ்டோர் ரூமிலிருந்து அல்ல, என் பின்னால் பத்தடியில் நின்று ஊதினீர்கள் என்று சொன்னேன். இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கியது நான் என்றும் சொன்னேன். உங்களையும் வழக்கில் சேர்ப்பார்கள் என்கிறார் வேதா அம்மா. இந்த வாரமோ அடுத்த வாரமோ ஆள் வரும். ஓட வேண்டாம் அண்ணா, பெரியம்மா பயந்துவிடுவார்கள்.

அம்மா சனிக்கிழமை மனு பார்க்க வந்தாள். அடுத்த தடவை வரும்போது பிஸ்கட் இரண்டு பாக்கெட்டாக வாங்கி வரச் சொன்னேன்.

"எதுக்குடா ரெண்டு?" என்றாள்.

"அண்ணன் வருவாரும்மா" என்றேன்.

மாத்திரைச் சீட்டைப் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
திருமலை